மூன்றுக்கு மேல்

விடியுமுன் பெங்களூரில் கிளம்புகிறது மருந்து
ஈயப் பெட்டிக்குள், ஒரு பழைய இன்னோவாவில்.
நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தன்னில் பாதியைத் தொலைத்துவிடும் அது.
தர்மபுரி வரும்போது பாதி.
தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தால்
சேலத்துக்கு வருவது கால்வாசி.
இன்று கவிழ்ந்திருந்தது. தக்காளி லாரி.

பச்சியண்ணன் ஆறு மணிக்கே வந்துவிட்டார்
வெறும் வயிற்றோடு, புதுச் செருப்போடு.
"லேட்டாகுங்களா அம்மணி?"
ஆகும் என்றேன்.
"ஆகட்டும். கல்லு எங்க போயிறப் போகுது."

இருபத்தொன்பது வருஷம் மாக்னசைட் சுரங்கத்தில்
துளை மெஷின் பிடித்த கை.
துளையிலிருந்து எழும் தூசியின் நிறம் பார்த்து
வெள்ளைக்கல் இன்னும் எத்தனை அடி என்பாராம்,
இஞ்சினியர்கள் எழுதிக்கொள்வார்களாம்.
நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார்.
இனி பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது,
ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடங்க என்றேன்.
சர்க்கரை வேஷத்தில் உள்ளே போகிறது மருந்து.
எது பசித்திருக்கிறதோ
அது தின்று ஒளிரும்.

தை மாதம் எடுத்த முதல் படத்தில்
மண்டையோட்டில், தோள்பட்டையில், விலாவில்,
முதுகுத்தண்டில் மேலிருந்து கீழாக
பதினொன்று.
எண்ணுவது என் வேலையில்லை.
டாக்டர் எண்ணுவார், கையெழுத்துப் போடுவார்.
எண்ணாமல் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மூன்றுக்கு மேல் என்றால் ஒரு கோடு,
மூன்றோ குறைவோ என்றால் இன்னொரு கோடு.
ஆய்வுத் தாள்களில் வரைந்திருக்கிறார்கள்.
ஒன்று மேலே, ஒன்று கீழே,
இரண்டுமே படிப்படியாக இறங்குபவைதான்.
ஒவ்வொரு படிக்கும் யாரோ ஓர் ஆள்.
எந்தப் படி பச்சியண்ணன் என்று
எந்தத் தாளிலும் இல்லை;
தேடியிருக்கிறேன்.

இன்று ஆவணி. ஏழு மாத மருந்துக்குப் பிறகு
இரண்டாவது படம்.
வந்து சேர்ந்தது மெலிந்த மருந்து என்பதால்
ஒவ்வொரு நிலைக்கும் நேரம் கூட்டினேன்.
அவர் அசையவில்லை.
வெடி வைத்துவிட்டு
பாறைக்குப் பின்னால் பதுங்கிப் பழகிய உடம்பு.

தொடையிலிருந்து மேலேறி வந்தது படம்.
பொத்தல்கள் அப்படியே இருந்தன, பதினொன்றும்.
எலும்பு அவ்வளவு சீக்கிரம் தூர்ந்துவிடாது.
உள்ளே விளக்குதான் இல்லை.
கைவிட்ட குழிகளில் மழைநீர் நிற்பதுபோல்
சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தன.
ஒன்றைத் தவிர.
இடது இடுப்பில், நகக்கண் அளவு.
நெருப்பா,
பாதி தொலைந்த மருந்தின் வெறும் மினுக்கா.
பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய மினுக்காகத் தெரிந்தது.

"எத்தனைங்க?"
"டாக்டர் சொல்வார்."
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.
"நானும் இஞ்சினியர் சொல்லுவாருன்னுதான் சொல்லுவேன்.
தூசி பாத்த மொகத்துக்கு மறைக்கத் தெரியாதுங்க."
கொஞ்சம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல்:
"ஒருக்கா முப்பதடி வெள்ளைன்னேன்.
பதினாறுலயே கருங்கல்லு.
பக்கத்துக் குழியில ஒண்ணுமில்லைன்னேன்.
அதுல ஒரு வருஷம் தோண்டுனாங்க."

ராத்திரி வரை குழந்தைகளைத் தூக்காதீர்கள்,
உடம்பில் கதிர் இருக்கும் என்றேன்.
மகன் வீட்டில் எட்டு மாதப் பெண் இருக்கிறதாம்.
"அப்ப பஸ்ஸுலயும் தனி சீட்டு கேக்கோணும்,
குடுப்பாங்களா?" என்றபடி
படியிறங்கினார், கைப்பிடியைத் தொடாமல்.

கன்னங்குறிச்சியில் என் வீட்டு மொட்டைமாடி.
துணி எடுக்க ஏறினேன்.
சேர்வராயன் மலை இருட்டாக நின்றது.
கொண்டை ஊசி வளைவுகளில் அங்கங்கே ஒளி,
எண்ணத் தொடங்கிவிட்டேன், ஒன்று, இரண்டு,
நான்காவது தெரிந்தது, அணைந்தது.
ஏறுகிற வண்டியா இறங்குகிறதா
என்று இங்கிருந்து சொல்ல முடியாது.
அடுத்த வளைவில் வரவேண்டும் அது.

துணியை மடிக்காமல்
நின்றுகொண்டிருந்தேன்.